கலைச்சொல்: கம்பளத்துக்கு ‘நீராவித் தூய்மை’ வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அலுவலகக் கம்பளங்களைத் தூய்மை செய்யும் பணியாளர்களுக்கான தமிழ்க் கையேட்டுக்காக நான் கேட்டிருந்த சொற்கள் குறித்து வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். மறுமொழி தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். விற்பனையாளர்கள் ‘ஸ்டீம் கிளீனிங்’ என்று சொல்வதை முதல் வரைவில் ‘நீராவித் தூய்மை’ என்று எழுதியவன் நான்தான். அந்த இயந்திரத்தில் நீராவியே கிடையாது. சூடேற்றி பொருத்திய இயந்திரம் ஏறக்குறைய 60 முதல் 90 பாகை செல்சியஸ் வரை சூடான சோப்புநீரை அழுத்தத்தோடு கம்பளத்துக்குள் பீச்சுகிறது. பீச்சிய நீரை உடனேயே அதே குழாய்த் தலைப்பின் வழியாக அழுக்கோடு உறிஞ்சி வேறொரு தொட்டியில் சேர்க்கிறது. தொழிலின் நூல்களில் இதற்குப் பெயர் ‘ஹாட் வாட்டர் எக்ஸ்ட்ராக்‌ஷன்’.

சொல் தவறினால் என்ன ஆகும் என்பதைச் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஓர் அலுவலகத்தில் பார்த்தேன். என் வரைவைப் படித்துப் பயிற்சி பெற்ற இளைஞர்கள், ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை இரவொன்றில், ஒரு தளம் முழுவதையும் கழுவினார்கள். நீரைப் பீச்சிய பிறகு ஒருமுறை மட்டும் உறிஞ்சிவிட்டு நகர்ந்தவர்களிடம் காரணம் கேட்டபோது, “ஆவிதானே சார், தானா போயிடும்” என்றார்கள். ஞாயிறு முழுவதும் ஏசி நிறுத்தப்பட்டிருந்தது, வெளியே மழை. திங்களன்று காலை கதவைத் திறந்ததும் நனைந்த கோணிப்பையின் வாடை அடித்தது. 50 செ.மீ. சதுரக் கம்பளத் துண்டுகளின் இணைப்புகள் வழியாக இறங்கிய நீர், மின்வடங்கள் ஓடுவதற்காகத் தரைக்கு மேல் தூக்கி அமைத்த உயர்தளத்தின் பலகைகள் வரை போயிருந்தது. அவர்கள் சொன்னதில் பிழையில்லை; கையேடு அப்படித்தான் சொல்லியிருந்தது.

> எக்ஸ்ட்ராக்‌ஷன் என்பதற்கு வேதியியலில் ‘பிரித்தெடுத்தல்’ என்று வழங்குகிறோம். அதையே கொள்ளலாமே?

பாடநூலுக்கு அது பொருந்தும். ஆனால் எதிலிருந்து எதைப் பிரிக்கிறோம் என்பதை அந்தச் சொல் பணியாளருக்குக் காட்டுவதில்லை. துணி துவைக்கும் எவருக்கும் தெரிந்த மூன்று வினைகள் துவைத்தல், அலசுதல், பிழிதல் ஆகியவை. இந்த இயந்திரத்தை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துவது மூன்றாவது வினைதான். எனவே ‘வெந்நீர்ப் பிழிமுறை’ என்றும், இயந்திரத்தைப் ‘பிழிபொறி’ என்றும் சொல்லலாம் என்பது என் முன்மொழிவு.

> முறுக்காமல் எப்படிப் பிழிவது? இது உறிஞ்சுதல் அல்லவா?

இடியாப்பத்தை யாரும் முறுக்குவதில்லை, ஆனாலும் பிழிகிறோம். நீங்கள் சொல்வதுபோல இங்கே நடப்பது உறிஞ்சுதல்தான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ‘உறிஞ்சி’ என்ற சொல்லைத் தூசு எடுக்கும் கருவி ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரே அறையில் இரண்டு உறிஞ்சிகள் நின்றால், உலர்தூசுக்கான கருவியை நீரில் வைப்பவர் நிச்சயம் ஒருவர் இருப்பார். மேலும், ‘பிழி’ என்ற சொல் கருவியைத் தேர்ந்தெடுக்கவும் துணைசெய்கிறது. கடைக்காரர் நீரின் அழுத்தத்தையும் சூட்டையுமே பெரிதாகப் பேசுவார். பிழிபொறி என்று அறிந்தவரோ, “எவ்வளவு பிழியும்?” என்று கேட்பார். அதை அளக்க ஒரு வாளி போதும். நாங்கள் ஒரு பழைய இயந்திரத்தில் 20 லிட்டர் விட்டுப் பார்த்தபோது 13 லிட்டர்தான் திரும்பியது. கைக்குழாய்த் தலைப்பின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து, காற்று அந்த இடுக்கு வழியாக ஓடிக்கொண்டிருந்தது. விளிம்பை மாற்றிய பிறகு 17 லிட்டருக்கு மேல் வந்தது. புது இயந்திரத்துக்கான விலைப்புள்ளியை அன்றே கிழித்துப் போட்டோம்.

இரண்டாவது சொல் ‘என்காப்சுலேஷன்’. குறைந்த நீரில் ஒரு பாலிமர்க் கரைசலைத் தெளித்துத் தூரிகையால் தேய்த்துவிட்டு உலரவிடுகிறார்கள்; அது உலரும்போது அழுக்கைச் சுற்றி உடையக்கூடிய படிகமாகிறது; அடுத்தடுத்த நாட்களில் தூசுறிஞ்சி அதை எடுத்துவிடுகிறது. இதற்கு ‘உறைபொதியாக்கம்’ என்று ஒருவரும் ‘சிறையிடல்’ என்று மற்றொருவரும் எழுதியிருந்தீர்கள். முதலாவது கணினிக்காரர்களுடையது. இரண்டாவது அழகாக இருக்கிறது. ஆனால் சிறையிட்டது உள்ளேயே இருக்கும் என்ற எண்ணத்தைத் தருகிறது. இந்த முறையின் உயிர்நாடியோ அது வெளியே வருவதில் இருக்கிறது.

சரியான சொல் எனக்கு ஒரு சாசரில் கிடைத்தது. இத்தகைய கரைசலை வாங்குமுன் சில துளிகளைக் கண்ணாடித் தட்டில் விட்டு உலரவைத்துச் சுரண்டிப் பார்ப்பது வழக்கம். மூன்று நிறுவனங்களின் மாதிரிகளை மூன்று சாசர்களில் ஊற்றி, இரவு முழுவதும் பண்டக அறையில் வைத்திருந்தோம். மறுநாள் காலை, அங்கே நெடுங்காலமாகப் பணிபுரியும் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒவ்வொன்றையும் நகத்தால் கீறினார். முதலாவது வெல்லப்பாகு போல விரலில் ஒட்டியது. இரண்டாவது மெழுகாகச் சுருண்டது. மூன்றாவதைத் தொட்டதும் வெள்ளை வெள்ளையாகச் செதில் பறந்தது. “இதுதான் பொருக்குத் தட்டியிருக்கு” என்றார் அவர். வற்றிய குளத்தின் சேற்றையும் ஆறிய புண்ணையும் பற்றிச் சொல்லும் அதே சொல். ஒட்டுவது மறுபடியும் அழுக்கை இழுக்கும், பொருக்கு உதிரும் என்ற வேதியியல் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ஆகவே ‘பொருக்குமுறை’ என்று கையேட்டில் எழுதிவிட்டேன். இதை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

எங்களைப் போன்ற கட்டடங்களில், அதாவது நைலான் துண்டுக்கம்பளமும் அடியில் உயர்தளமும் உள்ள இடங்களில், வழக்கமான பராமரிப்புக்குப் பொருக்குமுறையையும், அழுக்கு ஆழத்தில் சேர்ந்த நடைவழிகளுக்கு மட்டும் அவ்வப்போது பிழிமுறையையும் வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. எதைச் செய்தாலும் முதலில் உலர்நிலையில் தூசை எடுத்துவிட வேண்டும்; இல்லையெனில் மண்ணைச் சேறாக்குகிறோம். கம்பளி என்றால் காரம் மிகுந்த கரைசலைத் தொடவே கூடாது.

‘பானட்’ முறைக்கு ‘ஒற்றுமுறை’ என்று எழுதிய நண்பர் அந்த இயந்திரத்தை நேரில் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். சிங்கிள் டிஸ்க் மெஷினின் அடியில் ஈரத்துணி வட்டு நிமிடத்துக்கு 175 சுற்று என்ற அளவில் சுழலும். அது ஒற்றுவதன்று, தேய்ப்பது. அதுவும் மேற்பரப்பை மட்டும். ‘வட்டுத் தேய்ப்பு’ போதும்.

கழுவிய இடத்தில் மறுநாள் காப்பிக்கறை மீண்டும் தோன்றுவதை ‘விக்கிங்’ என்கிறார்கள். அடியில் தங்கிய ஈரம் காயும்போது கறையையும் இழைகளின் வழியே மேலே கொண்டுவருகிறது. இதற்கு ‘நுண்புழை மீள்கறை’ என்று வந்த பரிந்துரை துல்லியமானது. ஆனால் வாயில் நுழையவில்லை. சுவரில் ஓதம் ஏறுவது நம் எல்லோருக்கும் தெரியும்; இதுவும் அதுவே. ‘ஓதக்கறை’ என்றால் தவறு எங்கே நடந்தது என்பதும் உடனே விளங்கும்: அடியில் ஈரம் மிஞ்சியிருக்கிறது, சரியாகப் பிழியவில்லை.

> தூசுறிஞ்சி என்பது மூலச்சொல்லின் ‘வேக்குவம்’ என்ற கருத்தை இழந்துவிட்டது. ‘வெற்றிடத் தூய்மி’யே சரி.

ஹூபர்ட் செசில் பூத் 1901-இல் இங்கிலாந்தில் உறிஞ்சும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை தூசை ஊதித் தள்ளப் பார்த்தவர்களிடமிருந்து அவரை வேறுபடுத்தியது, உள்ளே இழுக்கலாம் என்ற எண்ணம்தான். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அவருடைய இயந்திரம் தூய்மை செய்தது. ‘உறிஞ்சி’ என்ற சொல் அந்த எண்ணத்தை வெற்றிடத்தைவிட நன்றாகவே காட்டுகிறது என்பதால் அதை மாற்றப் போவதில்லை.

எஞ்சியது ‘பைல்’, அதாவது கம்பளத்தின் மேலெழுந்து நிற்கும் இழைகள். ‘துய்’ என்று கொள்ளலாமா என்று கேட்கிறேன். பஞ்சின் நுனியையும், ‘துய்த்தலை மந்தி’ என்னும்போது குரங்கின் தலைமயிரையும் குறித்த பழஞ்சொல் அது. அப்படியானால் கழுவியபின் இழைகளை நிமிர்த்தும் கருவி ‘துய்வாரி’ ஆகும். அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன்; அவர் அதைச் ‘சீப்பு’ என்றுதான் கேட்டு வாங்குகிறார். மாற்றுக்கருத்து இல்லையென்றால் சொற்பட்டியலில் துய்வாரியையும், பண்டக அறை அட்டையில் சீப்பையும் எழுதிவிடுகிறேன்.