பம்ப் உறுமுகிறது, தண்ணீர் நகரவில்லை

குளிர் தொடங்கிய அன்று, தண்ணீரைச் சூடாக்கி வீட்டை வெதுவெதுப்பாக்கும் பாய்லரைப் போட்டேன். பர்னர் பற்றிக்கொண்டது. இரண்டு மூன்று நிமிடத்தில் உள்ளே உலை கொதிப்பது போல ஒரு சத்தம், அப்புறம் டக்கென்று அணைந்துவிட்டது. ஆறியதும் மறுபடி பற்றும், மறுபடி அணையும். அந்தச் சுடுநீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் ஒன்றுகூடச் சூடாகவில்லை.

தண்ணீரைச் சுற்ற வைக்கும் பம்ப் மேல் கை வைத்துப் பார்த்தேன். லேசான அதிர்வு, உம்மென்ற ஓசை. சரி, பம்ப் ஓடுகிறது என்று முடிவு கட்டினேன். அந்த ஒரு முடிவால் இரண்டு நாள் போயிற்று. தெர்மோஸ்டாட்டைச் சோதித்தேன், ரேடியேட்டர்களில் காற்று எடுத்துவிட்டேன், அழுத்தம் பார்த்தேன். 1.2 பார். அதில் குறையே இல்லை.

விடை குழாயில் இருந்தது. பாய்லரிலிருந்து கிளம்பும் குழாயில் விரல் வைக்க முடியவில்லை. திரும்பி வரும் குழாய் பச்சைத் தண்ணீர் போலச் சில்லென்று கிடந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் பொதுவாக 10 முதல் 20 டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். பாய்லருக்குள் இருப்பதோ கொஞ்சம் தண்ணீர். அது நகராமல் நின்றால் சீக்கிரமே கொதிநிலையை நெருங்கும், உடனே பாதுகாப்புக் கட்டுப்பாடு பர்னரை அணைத்துவிடும். நான் கேட்ட சத்தம் அதுதான்.

மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தி, எல்லாம் நன்றாக ஆறிய பிறகு, பம்புக்கு இரு பக்கமும் இருந்த வால்வுகளை மூடினேன். கீழே ஒரு துணி. பம்ப் முகப்பின் நடுவில் இருந்த பெரிய திருகைக் கழற்றினால் மை போலக் கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் வழிந்தது. உள்ளே ஷாஃப்டின், அதாவது சுழலும் தண்டின், நுனியில் ஒரு வெட்டு தெரிந்தது. தட்டை ஸ்க்ரூடிரைவரை அதில் பொருத்தித் திருப்பினேன். அசையவில்லை. முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து அசைத்துப் பார்த்ததில் 'கிர்ர்' என்று மணல் அரைபடுவது போல ஒரு சின்ன விடுதலை. அப்புறம் தடையில்லாமல் சுற்றியது. திருகை மூடி, வால்வுகளைத் திறந்து, மின்சாரம் கொடுத்தேன். திரும்பும் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றேன். மெல்ல மெல்ல வெதுவெதுப்பு ஏறியதை மறக்க முடியாது.

இந்த வகை பம்பில் மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டர் தண்ணீருக்குள்ளேயே சுற்றுகிறது, பேரிங்குக்கு எண்ணெய்க்குப் பதில் அதே தண்ணீர்தான். கோடை முழுக்கச் சும்மா கிடந்தால் இரும்புத் துரு அந்தச் சின்ன இடைவெளியில் படிந்து பிடித்துக்கொள்கிறது.

* * *

மேலே எழுதியவரைப் போல எனக்கும் அதே உறுமல்தான், ஆனால் ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு சுற்றியது. மின்சாரம் கொடுத்தால் மட்டும் கிளம்பாது. மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போயிருந்தது. மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டரில் 1கூட வரவில்லை. அதே அளவில் வேறொன்று போட்டதும் ஓடியது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஸ்விட்சை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். அதை இறக்காமல் கை வைக்காதீர்கள்.

* * *

உங்கள் இருவருக்கும் உறுமலாவது கேட்டது, என் பம்பில் சத்தமே இல்லை. பம்ப் செத்துவிட்டது என்று வந்தவர் சொன்னார், புதியது வாங்கி மாட்டினோம். அதுவும் மௌனம். பிறகு வந்த டெக்னீஷியன் முதல் வேலையாக மல்டிமீட்டரை எடுத்து, பர்னர் எரியும்போது பம்பின் முனைகளில் வைத்தார். வோல்ட்டேஜே இல்லை. பாய்லர் போர்டில் பம்புக்கு மின்சாரம் அனுப்பும் ரிலே கெட்டிருந்தது. பழைய பம்ப் நல்ல நிலையில்தான் இருந்திருக்கிறது. மின்சாரம் வருகிறதா என்று பார்க்காமல் பம்பைக் கழற்ற விடாதீர்கள், தயவுசெய்து.

* * *

காம்பி பாய்லர், அதாவது ரேடியேட்டர்களுக்கும் குளியலறைக் குழாய்க்கும் ஒன்றே சூடாக்கித் தரும் வகை, வைத்திருப்பவர்களுக்கு ஒரு சுலபமான சோதனை. குளியலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். சுடுநீர் இடைவிடாமல் வருகிறது, ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்திருக்கிறது என்றால் பம்ப் ஓடுகிறது. அந்தச் சுடுநீருக்கும் பெரும்பாலான காம்பிகளில் அதே பம்ப்தான் தண்ணீரைச் சுற்ற வைக்கிறது. அப்போது சந்தேகப்பட வேண்டியது பாதையை மாற்றிவிடும் டைவர்ட்டர் வால்வை. என் வீட்டில் அதுதான் சிக்கியிருந்தது.

* * *

முதலில் எழுதியவன்தான். மூன்று வாரத்தில் என் பம்ப் மறுபடி இறுகிவிட்டது. ஷாஃப்டை விடுவித்தேனே தவிர, கறுப்புத் தண்ணீர் ரேடியேட்டர்களில் அப்படியே இருந்ததே. இந்த முறை உரிமம் பெற்ற டெக்னீஷியனை அழைத்து முழுவதும் அலசி, துருவைத் தடுக்கும் மருந்து கலந்து, திரும்பும் குழாயில் ஒரு காந்த வடிகட்டியும் வைத்தாயிற்று. காந்தமுள்ள ரோட்டரோடு வரும் புது எலக்ட்ரானிக் பம்புகளுக்கு இது இன்னும் அவசியம், துருத்தூளை அவை தாமே இழுத்துக்கொள்ளும். பலவற்றில் திருகித் திறக்கும் வசதியும் கிடையாது. ஒரு மாதம் கழித்து வடிகட்டியைத் திறந்தேன். காந்தத்தைச் சுற்றி விரல் தடிமனுக்குக் கறுப்புச் சேறு.