டெகாவின் ‘தொட்டி’: முகமே தெரியாமல் இத்தனை நெருக்கம் எப்படி?

கரித்துண்டு:
அக்கா தலை துவட்டுவதை சாஃப்ட் பாஸ்டலில் (பொடியாக உதிரும் மென்மையான நிறக்குச்சி) வரைந்துகொண்டிருக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகா 1886இல் வரைந்த ‘தொட்டி’ படத்தின் அச்சுப் பிரதி பக்கத்திலேயே இருக்கிறது. அதில் வட்டத் தொட்டிக்குள் குந்தியிருக்கும் பெண் கழுத்தைத் தேய்த்துக்கொள்கிறாள். முகம் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் நாமும் அந்த அறைக்குள் இருக்கிறோம். என் படத்திலோ அக்கா போட்டோவுக்கு நிற்பவள் மாதிரி இருக்கிறாள். போதாததற்கு, மூன்றாவது நிறம் ஏறியதும் தோல் அழுக்காகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

மேற்குஜன்னல்:
தம்பி, அந்தப் பெண்ணை விட்டுவிட்டு வலது பக்கப் பலகையைப் பாருங்கள். படத்தை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு இறங்குகிறது. அதன்மேல் ஜாடிகள், தலைவாரும் பிரஷ், எல்லாம் நம் கைக்கு எட்டும் தூரத்தில். அந்தப் பலகையை ஒட்டி நின்று கீழே பார்க்கிறோம். நெருக்கம் அங்கிருந்துதான் வருகிறது. இத்தனைக்கும் ஸ்டூடியோவில் தொட்டியைப் போட்டு, மாடலை வைத்து வரைந்தவைதான் இந்தப் படங்கள். அதனால் அக்காவை நிற்கச் சொல்வதில் தவறில்லை. நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள்.

அப்புறம், தோல் அழுக்காகாமல் இருக்க, நிறங்களை விரலால் தேய்ப்பதை விடுங்கள். ஓர் அடுக்கு போட்டு, பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸடிவ் திரவத்தை அடித்து, காய்ந்தபின் அடுத்தது. டெகா செய்ததும் இதுதான். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, குளித்துவிட்டுத் துவட்டும் பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று தனித்தனியாக நிற்கும். இடம் போதாமல் தாளோடு தாள் ஒட்டி வளர்த்த படம் அது.

செம்பருத்தி:
அதை நெருக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல என்று டெகாவே சொல்லியிருக்கிறார். நாம் அங்கே இருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. டெகா காலத்து அமெரிக்க ஓவியர் மேரி கசாட்டின் 1880ஆம் ஆண்டு பாஸ்டல் ஒன்றில் தாயும் குழந்தையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், கன்னத்தோடு கன்னம் அழுந்த. அங்கே பார்ப்பவர் ஒளிந்திருக்கவில்லை, வீட்டு ஆள். பாரிஸில் கடைக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்று டெகாவின் பாஸ்டல்களைப் பார்த்துக் கற்றவர்தான் கசாட். ஆனால் அவர் நின்ற இடம் வேறு. அக்காவை வரைய அந்த இடம்தான் சரி.

கரித்துண்டு:
சரி, அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறேன். ஃபிக்ஸடிவ் அடித்தால் நிறம் கருக்கிறதே, அண்ணா?

மேற்குஜன்னல்:
கொஞ்சம் கருக்கத்தான் செய்யும். கடைசி அடுக்கில் மட்டும் அடிக்காதீர்கள். வெளிச்சம் விழும் இடங்களை அதற்கென்று மிச்சம் வையுங்கள். ஃப்ரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) வைக்கச் சொல்லுங்கள்.