புது வண்டி, முன் கண்ணாடியில் போகாத படலம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

தாம்பரம்வாசி:

வண்டி எடுத்து பதினோரு நாள்தான் ஆச்சு. அப்பாவை ஊர்ல விடப் போறோம், அச்சிறுபாக்கம் தாண்டினதும் மழை பிடிச்சுக்கிச்சு. ராத்திரி எட்டரை இருக்கும். வைப்பர் போட்டேன். ஒரு தரம் போய்த் திரும்பினதும் கண்ணாடி முழுக்க பாலைக் கரைச்சுப் பூசின மாதிரி ஆயிடுச்சு. எதிர்ப்பக்கத்து லாரி வெளிச்சம் அதுல விழுந்துச்சு பாருங்க, கோடு இல்லை, முன்னாடி போன வண்டி இல்லை, வெறும் வெள்ளை. ரப்பர் வேற வழுக்காம தட்டித் தட்டிக் குதிக்குது. அப்பா சத்தம் போட்டே பேசமாட்டார். அன்னைக்கு "ஓரங்கட்டுடா, ஓரங்கட்டு"ன்னு கத்தினார்.

நிறுத்தினோம். மழையிலேயே இறங்கித் துண்டால துடைச்சார். துடைச்ச இடமெல்லாம் பட்டை பட்டையா இழுத்துக்கிச்சு. ஹசார்ட் லைட் போட்டுக்கிட்டு முப்பதுல ஊர்ந்து போய் ஒரு ஹோட்டல் வாசல்ல மழை விடுற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.

ஷோரூம்ல கேட்டா "ரெண்டு வாஷ்ல போயிடும் சார்". அஞ்சு வாஷ் ஆச்சு. ஷாம்பூ, நியூஸ் பேப்பர், கண்ணாடி ஸ்பிரே எல்லாம் பார்த்தாச்சு. பகல்ல பளிச்சுனு இருக்கு. ராத்திரி ஈரம் பட்டதும் திரும்ப அதே வெள்ளை. அப்பா இப்ப பஸ்லயே போறேன்னு சொல்றார். யாருக்காவது இது நடந்திருக்கா?

பொள்ளாச்சி ரோடு:

எங்களுக்கு வேற மாதிரிங்க. பூஜை போட்டப்ப அம்மா கண்ணாடி நடுவுல, மேல ஓரமா, சந்தனம் வெச்சு அது மேல குங்குமம் வெச்சாங்க. நாலு நாள் வெயில்ல காஞ்சு இறுகிடுச்சு. அஞ்சாவது நாள் ஆனைமலை போயிட்டு வர்றப்ப தூறல். வைப்பர் ஒரு இழுப்பு இழுத்ததும் செக்கச்செவேல்னு ரெண்டு கோடு கீழ வழிஞ்சுது. பின்னாடி இருந்து பாப்பா, "அப்பா, ரத்தமா?"ன்னு கேட்டா. ரெண்டு நாள் அந்த வண்டியில ஏறமாட்டேன்னுட்டா. ஆறு வயசுங்க.

சிவப்பு போயிருச்சு. சந்தனம் இருந்த இடம் வட்டமா மங்கலா, ராத்திரியில நிலா மாதிரி இன்னும் தெரியுது. அதனால சொல்றேன், பூஜை போடுங்க, பொட்டைப் பானட் மேலயோ நம்பர் பிளேட்டு மேலயோ வைங்க. கண்ணாடியில வேண்டாம்.

வைகைக்கரை:

மேல எழுதினவருக்கு ஒண்ணு சொல்லணும். குங்குமத்து மேல பழி போடாதீங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செஞ்ச குங்குமம் துணியில ஏறும், கண்ணாடியில ஏறாது, ஈரத்துணிக்கே வந்துடும். இப்ப கடையில கிடைக்கிறதுல பாதி சாயப்பொடி. அதைக் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குழைச்சு வெச்சிருப்பாங்க, அந்த எண்ணெய்தான் உங்க நிலா. எங்க வீட்ல மூணு வண்டிக்கும் கண்ணாடியிலதான் பொட்டு வெச்சோம். ஒரு கறை இல்லை.

என் பிரச்சினை ஸ்டிக்கர். யார்டுல நின்னப்ப ஒட்டின பார்கோடு ஸ்டிக்கர், மாசக்கணக்கா வெயில் குடிச்சது. டெலிவரி அன்னைக்குப் பையன் ஒருத்தன் பேப்பரை மட்டும் கிழிச்சுட்டு விட்டுட்டான், பசை அப்படியே நிக்குது. தூசி ஏறிக் கறுத்துப் போச்சு. பிளேடு எடுத்தேன், வீட்டுக்காரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஊட்டியில வாங்கின நீலகிரித் தைலம் அலமாரியில இருந்துச்சு. பஞ்சுல நனைச்சு அஞ்சு நிமிஷம் பசை மேல ஒட்டி வெச்சேன். கட்டைவிரலால தள்ளினா சப்பாத்தி மாவு சுருள்ற மாதிரி உருண்டு வந்துச்சு. வண்டி முழுக்கத் தைல வாசம். அந்த எண்ணெயையும் அப்புறம் சோப்புத் தண்ணி விட்டு எடுத்துடணும், இல்லேன்னா தாம்பரம் சார் கதைதான்.

பட்டறை மகன்:

எனக்கும் நடந்தது. மூணு வருஷம் முன்னாடி, புது வண்டி, முதல் மழை, அதே வெள்ளை. எங்கப்பா பட்டறையில நாப்பது வருஷம் கண்ணாடி மாத்தினவர், கையால தடவிப் பார்த்துட்டு "மெழுகுடா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சார்.

தாம்பரம் சார், இதைப் பொறுமையா படிங்க. டெலிவரிக்கு முன்னாடி வண்டி மின்னணும்னு பாடிக்கு அடிக்கிற பாலிஷ் துணியாலயே கண்ணாடியையும் ஒரு தேய் தேய்ச்சுடறாங்க. அதுல மெழுகும் சிலிக்கானும் இருக்கு. பாடிக்கு நல்லது, கண்ணாடிக்கு ஆகாது. ஷாம்பூ வாஷ் இதைக் கரைக்கவே கரைக்காது. பேப்பர் இழுத்துப் பரப்பத்தான் செய்யும். முதல்ல பாத்திரம் கழுவுற லிக்விட் சோப்பைக் கண்ணாடிக்கு மட்டும் நுரைக்கத் தேய்ச்சுக் கழுவுங்க. பாடியில படவிடாதீங்க, அங்க மெழுகு இருக்கணும். காஞ்சதும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் (சீக்கிரம் ஆவியாகிற ஸ்பிரிட்) சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில நனைச்சு, ஒரு கையகலம் ஒரு கையகலமா துடைங்க. துணியை மடிச்சு மடிச்சுப் புதுப் பக்கம் காட்டணும், அதே பக்கத்தால துடைச்சா எடுத்ததை நீங்களே திரும்பப் பூசறீங்க.

எல்லாரும் விடற இடம் வைப்பர். ரப்பர் அந்த மெழுகைக் குடிச்சு வெச்சிருக்கும். கண்ணாடியை எவ்வளவு சுத்தம் பண்ணினாலும் அடுத்த மழையில அது திரும்பத் தடவும். வைப்பர் பிளேடைத் தூக்கி நிறுத்தி, ஆல்கஹால் துணியால ரப்பர் விளிம்பை இழுத்துத் துடைங்க. முதல்ல கரி மாதிரி வரும். துணி வெளுப்பா வர்ற வரைக்கும் விடாதீங்க. தூக்கின வைப்பர் கையைக் கவனமா இறக்குங்க, பட்டுனு விட்டா கண்ணாடி விரிஞ்சுடும், கண்ணால பார்த்திருக்கேன்.

அப்புறம் ஒரு மக் தண்ணி ஊத்திப் பாருங்க. ஒரே விரிப்பா இறங்கினா சுத்தம். முத்து முத்தா நின்னா அங்க இன்னும் ஏதோ இருக்கு. (காசு குடுத்துத் தண்ணி ஒட்டாத கோட்டிங் போட்டவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) விரல்ல பாலிதீன் கவர் மாட்டிக்கிட்டுத் தடவினா சொரசொரப்பு கைக்குத் தெரியும். அதுக்கு கிளே பார்னு களிமண் மாதிரி ஒரு கட்டி இருக்கு, நிறைய சோப்புத் தண்ணி விட்டு மெதுவா ஓட்டணும். வறட்டாத் தேய்ச்சா கீறும்.

போர் தண்ணில கழுவி வெயில்ல காய விட்ட வெள்ளைப் புள்ளி தனிக்கதை. அது கால்சியம் உப்பு. வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து, நிழல்ல, பத்து நிமிஷம் ஊற விட்டா பெரும்பாலும் கரைஞ்சுடும். வினிகருக்கு மசியாதது பெரும்பாலும் சிலிக்கா, அதுக்கு சீரியம் ஆக்ஸைடுங்கற கண்ணாடி பாலிஷ் பொடி போட்டுத்தான் தேய்க்கணும். அதை ஆள் வெச்சுச் செய்யுங்க. ஒரே இடத்துல அதிகம் தேய்ச்சா கண்ணாடி சூடேறும், தளம் குழியும், பார்வை நெளியும். பாத்ரூம் ஆசிட் ஊத்தச் சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க, ரப்பரும் பெயின்ட்டும் போயிடும். வாஷர் டேங்க்ல போர் தண்ணி ஊத்தறதை இன்னைக்கே நிறுத்துங்க, ஆர்.ஓ. தண்ணி போதும்.

அடிவாரம் சேலம்:

எல்லாரும் வெளிப்பக்கமே பேசறீங்க. எங்களுக்கு உள்பக்கம்தான். ஏற்காட்டுல இருந்து ராத்திரி இறங்கறோம், இருபது கொண்டை ஊசி வளைவு. எட்டாவதா ஒன்பதாவதா, கீழ இருந்து ஏறி வந்த பஸ் வளைவுல திரும்பினதும் அந்த வெளிச்சம் கண்ணாடி பூரா எண்ணெய்ப் படலமா சிதறிடுச்சு. கைப்பிடிச்சுவர் எங்கன்னு தெரியலை. மடியில குழந்தையோட என் மனைவி மூச்சை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தது இன்னும் காதுல கேட்குது, அந்த அமைதி.

காலையில உள்பக்கம் வெள்ளைத் துணியால துடைச்சேன். மஞ்சளா, பிசுபிசுன்னு வந்துச்சு. புது டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயில்ல ஆவி விடுது, அது போய்க் கண்ணாடியில படியுது. அது மேல டேஷ்போர்டு பாலிஷ் வேற அடிச்சுக் கொடுத்திருந்தாங்க. இப்ப பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம் ஆல்கஹால் போட்டு உள்ளே துடைக்கறேன். பட்டறை தம்பி, நீங்க அவ்வளவு எழுதினதுல உள்பக்கம்னு ஒரு வரி இல்லையே?

பட்டறை மகன்:

சரிதான் அண்ணா, விட்டுப்போச்சு. ஃபேனைப் போட்டதும் ஓரத்துல பனி பிடிக்குதுன்னாலும் முதல்ல அந்தப் படலத்தைத்தான் சந்தேகப்படணும்.

மாந்தோப்பு:

மாமரத்து அடியில நிறுத்தறவங்க யாராவது உண்டா? தை, மாசியில பூ விடுற நேரம் கண்ணாடி முழுக்கப் பிசின் மாதிரி பொட்டுப் பொட்டா. மரம் வடிக்குதுன்னு நினைச்சு அப்பா கிளையை வெட்டச் சொன்னார். தத்துப்பூச்சி விடுற தேன் கழிவுன்னு தோட்டக்கலைக்காரர் ஒருத்தர் வந்து காட்டினார். இலையைத் திருப்பினார், நூத்துக்கணக்குல பூச்சி குபீர்னு பறந்துச்சு. சர்க்கரைதான், வெதுவெதுப்பான தண்ணியில ஊறின துணியைப் பத்து நிமிஷம் போட்டு எடுத்தா போயிடுது. கிளை தப்பிச்சுது.

தாம்பரம்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நேத்து சாயங்காலம் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து செஞ்சேன். வைப்பர் ரப்பரைத் துடைச்ச துணியைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், அடுப்புக்கரி துடைச்ச மாதிரி இருந்துச்சு. தண்ணி ஊத்தினேன். டிரைவர் பக்கம் ஒரே விரிப்பா இறங்குது. இடது கீழ் ஓரத்துல ஒரு கையகலம் இன்னும் முத்து முத்தா நிக்குது, ஞாயித்துக்கிழமை அங்க திரும்பத் தேய்க்கணும். உள்பக்கமும் பார்க்கறேன்.

அப்பா படத்தைப் பார்த்துட்டு, "மழையில ஒரு ராத்திரி நீ மட்டும் ஓட்டிப் பாரு, அப்புறம் சொல்லு"ன்னார். வானிலையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.