எத்தனால் கலக்காத பெட்ரோல் பழைய கார்களுக்குக் கட்டாயமா?

மைனர்_1963 கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1963-ஆம் ஆண்டின் மோரிஸ் மைனர் 1000 இருக்கிறது. 1098 சிசி எஞ்சின், ஒற்றை எஸ்யு எச்எஸ்2 கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி), எஸ்யு மின் பம்ப். எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்தாயிற்று. எரிபொருள் ஹோஸ்களும் பம்பின் டயாஃப்ரமும் (பெட்ரோலை உந்தும் சவ்வு) எந்தக் காலத்தவை என்று மட்டும் தெரியவில்லை. கார் எப்போதாவதுதான் ஓடும், சில மாதங்கள் தொடர்ந்து நிற்பதும் உண்டு. இப்போது 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் போடுகிறேன். வெயிலில் நெரிசலில் நின்று கிளம்பும்போது எஞ்சின் திணறுகிறது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பழைய இழுவையும் இல்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு மாறினால் இவை தீருமா, அல்லது காரில்தான் மாற்றம் செய்ய வேண்டுமா? ஈயம் இல்லாத பெட்ரோலால் வால்வு சீட் (வால்வு வந்து அமரும் வளையம்) தேயும் என்கிறார்களே, அதற்கும் எத்தனாலுக்கும் தொடர்பு உண்டா?

கார்புரேட்டர்_காதலர் எழுதியது:

வால்வு சீட் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அதற்கும் எத்தனாலுக்கும் தொடர்பே இல்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலிலும் ஈயம் கிடையாது. சாலை வாகனங்களுக்கான ஈய பெட்ரோல் 2021-இல் அல்ஜீரியாவோடு உலகெங்கும் முடிந்துவிட்டது. எஞ்சினைச் சீர்செய்தபோது சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட்டுகள் பொருத்தப்பட்டனவா என்று விசாரியுங்கள். பொருத்தவில்லை என்றால், நெடுநேரம் அதிவேகத்தில் ஓட்டும்போதுதான் தேய்மானம் ஏற்படும்; வால்வு இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வருவது அதன் அறிகுறி.

இனி இழுவைக் குறைவு. எத்தனாலின் எடையில் ஏறத்தாழ 35 விழுக்காடு ஆக்சிஜன். ஆகவே அது எரிவதற்குக் குறைந்த காற்றே போதும்: பெட்ரோலின் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவைப்படும் இடத்தில், எத்தனாலுக்கு 9 பங்கு போதுமானது. பத்து விழுக்காட்டுக் கலவைக்கு இது 14.1 அளவில் வரும். புதிய கார்களில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டு சரிசெய்துகொள்ளும். பழைய கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை; தூய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட்டிலிருந்து (எரிபொருள் வெளிவரும் துளை) அதே அளவு எரிபொருளே வரும் என்பதால் காற்று-எரிபொருள் கலவை ஏறத்தாழ 4 விழுக்காடு மெலிகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் குறைகிறது. முன்பே சற்று மெலிந்த கலவையில் ஓடிய எஞ்சினுக்கு இதுவே திணறலாகத் தெரியும். எஸ்யு கார்புரேட்டரில் இதைச் சரிசெய்வது எளிது: ஜெட்டின் அடியில் உள்ள அறுகோண நட்டை ஒரு பக்க அளவு (ஆறில் ஒரு பங்கு சுற்று) கீழே இறக்கிப் பாருங்கள். எஞ்சின் நன்கு சூடேறியபின் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைச் சிறிதளவு தூக்கும்போது வேகம் ஒரு கணம் மட்டும் ஏறி அடங்கினால் கலவை சரி. ஏறியபடியே நின்றால் அளவுக்கு மிஞ்சிய எரிபொருள், எஞ்சின் தடுமாறினால் போதாத எரிபொருள். எரிபொருளை மாற்றினால் இந்தச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். ஆகவே இரண்டையும் மாறிமாறிப் போடாமல் ஒன்றையே பின்பற்றுவது நல்லது என்பது என் கருத்து.

வெயிலில் வரும் திணறலில் எத்தனாலுக்குப் பங்கு இருக்கலாம். சிறிதளவு எத்தனால் பெட்ரோலின் ஆவியழுத்தத்தை, அதாவது ஆவியாகும் போக்கை, உயர்த்துகிறது. பத்து விழுக்காட்டில் அந்த உயர்வு ஏறத்தாழ 7 கிலோபாஸ்கல். உங்கள் காரில் பம்ப் எஞ்சின் அறையிலும் டேங்க் பின்னாலும் இருக்கின்றன. நீண்ட குழாய் வழியே உறிஞ்சப்படும் பெட்ரோல் வெப்பத்தில் ஆவியாகிவிட்டால் பம்ப் வெற்று ஆவியையே தள்ளும். பெட்ரோலை மாற்றுவதற்கு முன் குழாயை வெப்பத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்களா, எக்ஸாஸ்ட் அருகே வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுத்தி_வைப்பவன் எழுதியது:

மேலே சொன்னவை ஓடும் காருக்குப் பொருந்தும். மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு எத்தனால் இல்லாத பெட்ரோலைத்தான் நான் வற்புறுத்துவேன். எத்தனால் நீரை ஈர்க்கும். 15 பாகை செல்சியசில் பத்து விழுக்காட்டுக் கலவை ஏறத்தாழ அரை விழுக்காடு நீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அந்த எல்லை தாண்டினாலோ குளிர் கூடினாலோ எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடுக்கைத்தான். எஃகை அரிப்பதும் அதுவே. மேலே மிஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன் (எஞ்சின் தட்டாமல் எரியும் திறன்) குறைந்ததாகிவிடும். அதன்பின் எந்தச் சேர்மத்தை ஊற்றினாலும் பழைய நிலை திரும்பாது; முழுவதையும் வடித்துவிடுவது ஒன்றே வழி.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். முப்பது லிட்டர் டேங்க்கில் அந்த அரை விழுக்காடு என்பது 150 மில்லி நீர். காற்றின் ஈரத்திலிருந்து மட்டும் அவ்வளவு சேர நெடுங்காலம் ஆகும். பழைய மூடியின் வழியே கசியும் மழைநீரும், பாதி வெற்றான டேங்க்கின் சுவரில் படியும் ஈரமும்தான் பெரும் காரணம். எத்தனால் இல்லாத பெட்ரோல் போட்டாலும் நிறுத்தும் முன் டேங்க்கை நிரப்பி வைப்பதும், மூடியின் வாஷரை மாற்றுவதும் தவறாது செய்ய வேண்டியவை.

மைனர்_1963 எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஹோஸ்களைக் கழற்றிப் பார்த்தேன். வெளிப்புறம் நன்றாக இருக்கிறது, உள்ளே விரலில் கறுப்பாக ஒட்டுகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு மாறினால் இவற்றை அப்படியே விட்டுவைக்கலாமா? பெட்ரோலில் எத்தனால் இல்லை என்பதை வீட்டிலேயே உறுதிசெய்ய வழி உண்டா?

கார்புரேட்டர்_காதலர் எழுதியது:

தயவுசெய்து விட்டுவைக்காதீர்கள். உள்ளே கரையும் ரப்பர், எந்தப் பெட்ரோலைப் போட்டாலும் இனி உறுதி பெறாது. சூடான எஞ்சின்மேல் ஹோஸ் வெடித்துக் கசிந்தால் காரே எரிந்துபோகும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரக்குறி அச்சிட்ட, உட்புறம் ஃப்ளூரோ ரப்பர் பூசிய ஹோஸ்களை வாங்குங்கள். பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டரின் ஜெட்டுக்குச் செல்லும் குழாய், ஊசி வால்வு, கேஸ்கெட்டுகள் ஆகியவற்றையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள். பழைய டேங்க்கில் படிந்த பிசினை எத்தனால் கரைத்து இழுத்துவரும் என்பதால் தொடக்கத்தில் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். இவ்வளவையும் முடித்தபின், தொடர்ந்து ஓட்டும் காலத்தில் பத்து விழுக்காட்டுக் கலவை உங்கள் எஞ்சினைக் கெடுக்காது என்று உறுதியாகச் சொல்வேன். நிறுத்தும் முன் நிரப்புவதற்கு மட்டும் நண்பர் சொன்னபடி எத்தனால் இல்லாததைத் தேடுங்கள்; அப்போது காற்று-எரிபொருள் கலவையில் எரிபொருள் சிறிது கூடும், அந்தக் கடைசி ஓட்டத்தில் அது பொருட்டல்ல.

நிறுத்தி_வைப்பவன் எழுதியது:

சோதனை எளிது. அளவுகள் பொறித்த உயரமான கண்ணாடிக் குழாயில் 10 மில்லி நீரும் 100 மில்லி பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி, தெளியவிடுங்கள். கீழ் அடுக்கு 10 மில்லியிலேயே நின்றால் எத்தனால் இல்லை. 20-ஐ நெருங்கினால் பத்து விழுக்காடு கலந்திருக்கிறது. திறந்த வெளியில், தீப்பொறிக்கு இடமில்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

இதே முறையில் எத்தனாலைப் பிரித்துவிட்டு மிச்சத்தைக் காரில் ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்ய வேண்டாம். எத்தனால் சேர்ந்த பிறகே உரிய ஆக்டேன் வரும் வகையில்தான் அடிப்படைப் பெட்ரோலைப் பெரும்பாலும் தயாரிக்கிறார்கள். எத்தனாலை எடுத்துவிட்டால் எஞ்சின் தட்டத் தொடங்கும், நீரின் எச்சமும் டேங்க்குக்குள் போய்ச் சேரும்.