சுறாத் தோலும் பல்லிக் காலும்: கொழும்பு வார்ட்டுக்கு இதெல்லாம் வருமா?

மொறட்டுவை_செழியன்:
கடைசி வருட புரொஜெக்டுக்கு, உயிரினங்களைப் பார்த்துச் செய்யும் மருத்துவக் கருவிகளில் ஒன்றை எடுக்கலாமா என்று நேற்றுக் கேட்டதற்கு, "அது காசுள்ள நாட்டுக்காரரின் வேலை" என்று இரண்டு பேர் முடித்துவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சுறாவையே எடுங்கள். 2002இல் புளோரிடா பல்கலைக்கழகத்து அந்தனி பிரெனன், அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் அடியில் பாசி பிடிக்காமல் இருக்க வழி தேடியபோதுதான், சுறாவின் தோலில் ஏன் பாசி பிடிப்பதில்லை என்று பார்த்தார். அதன் செதில் வரிசையை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அளவுக்குச் சிறிதாக்கி பிளாஸ்டிக்கில் பதித்தால், பக்டீரியாவும் அதில் லேசில் குடியேறுவதில்லை. மருந்து எதுவும் பூசவில்லை, மேற்பரப்பின் வடிவம் மட்டும்தான் வேலை செய்கிறது. மருந்தில்லை என்றால் மருந்துக்கு அசையாத கிருமியை வளர்த்துவிடும் பயமும் இல்லை. சிறுநீர் ரியூப் போட்டவர்களுக்கு வரும் தொற்றுக்கு இது உதவாதா? றப்பர் நம் நாட்டிலேயே இருக்கிறது, கையுறை செய்து உலகத்துக்கே அனுப்புகிறோம், ரியூப்பிலும் இதைப் பதிக்க ஏன் முடியாது?

கொட்டாஞ்சேனை_ரவி:
தம்பி, ஆசை நல்லது. ஆனால் 2022 மார்ச்சில் பேராதனை ஆஸ்பத்திரியில் மருந்தில்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளையே நிறுத்தி வைத்தார்கள், மறந்துவிட்டதா? மருந்துகளில் பெரும்பகுதி இன்னும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. துண்டில் எழுதிக் கொடுத்து வெளியே பாமசியில் வாங்கி வரச் சொல்லும் நாட்டில் சுறாத் தோல் யாருக்கு? அப்புறம் இந்தச் செய்திகளின் கதையும் தெரிந்ததுதான். பல்லிக் காலைப் பார்த்து, காயத்தை ஒட்டும் நாடா என்று 2008இல் பொஸ்டனிலிருந்து பெரிதாக அறிவித்தார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் ஊசியும் நூலும்தானே.

மொறட்டுவை_செழியன்:
அண்ணே, அந்த நாடாவின் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். பொஸ்டன் ஆய்வாளர்கள் ஜெஃப்ரி கார்ப்பும் ரொபர்ட் லாங்கரும் செய்தது அது. பல்லியின் பாதத்தில் உள்ள நுண்மயிர்கள் காய்ந்த சுவரில் பிடிக்கும், ஆனால் உடம்புக்குள் எல்லாம் ஈரம். அதனால் அந்த மயிர்களைப் பார்த்து நாடாவில் பதித்த நுண்தூண்கள் மட்டும் போதாமல், திசுவோடு இரசாயனமாகப் பிணையும் ஒரு சர்க்கரைப் பூச்சையும் மேலே போட வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அவர்களின் ஆய்வு வெளிச்சம் பட்டால் இறுகும் பசைக்குப் போனது. இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சையில் கசிவை அடைக்கும் அந்தப் பசைக்கு 2017இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. ஒன்பது வருடம் எடுத்திருக்கிறது, உண்மைதான், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பல்லியிடமிருந்து கிடைத்தது தொடக்கம் மட்டும். மீதியை ஈரத்திலும் இரத்தத்திலும் திரும்பத் திரும்பச் சோதித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

பியகம_றப்பர்காரன்:
நான் கையுறைத் தொழிற்சாலையில் இருக்கிறேன், செழியன் சொன்ன றப்பர் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். லேட்டெக்ஸில், அதாவது றப்பர் பாலில், அச்சை முக்கி எடுக்கும்போது, அச்சைத் தொடும் பக்கத்தில்தான் அதன் கோடு விழும். கையுறையை அச்சிலிருந்து உரிக்கும்போது உள்பக்கம் வெளியே புரண்டு வருவதால், கோடு வெளியே வந்துவிடும். ரியூப்பை அப்படிப் புரட்ட முடியாது, உங்கள் சுறாக் கோடு உள்ளே போய்விடும். வெளியே இருப்பது பால் தானாக வழிந்து காய்கிற பக்கம், அங்கே இரண்டு மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) வரி எப்படி நிற்கும்? சிலிக்கோனைத் துளை வழியே தள்ளி இழுக்கும் முறையிலும் குறுக்கு வரி போட முடியாது. தனியாக வார்த்தால் முடியும், ஆனால் விலை கூடும். காப்புரிமை இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள்.

வத்தளை_தாதி:
வார்ட்டில் வேலை செய்பவள் சொல்கிறேன், கேளுங்கள் தம்பி. ரியூப் தொற்றுக்குப் பெரிய காரணம் ரியூப் தேவைக்கு மேல் உள்ளே இருப்பதுதான். ஒவ்வொரு நாள் கூடக் கூட ஆபத்தும் கூடும். ரவுண்ட்ஸில் "இன்னும் தேவையா" என்று யாரும் கேட்காவிட்டால் அது அப்படியே இருக்கும். பையை இடுப்புக்கு மேலே தூக்கினால் சிறுநீர் திரும்பி ஓடும், தள்ளுவண்டியில் நோயாளியை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகும்போது பையைத் தூக்கி வயிற்றில் வைத்துவிடுவார்கள், நான் ஒவ்வொரு முறையும் சத்தம் போடுவேன். சுறாத் தோல் வந்தாலும் அந்தப் பையைக் கீழே தொங்கவிடத்தான் வேண்டும்.

கொட்டாஞ்சேனை_ரவி:
அக்கா சொன்னதுதான் என் பேச்சும். இன்னொன்று, இயற்கையிடம் படிப்பதில் இலாபம் யாருக்குப் போகிறது? பிரேசிலின் ஜரராக்கா விரியன் விஷத்தில் அந்நாட்டு விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரெய்ரா கண்டதிலிருந்து கப்டோபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை வந்தது, 1981இல் அமெரிக்காவில் அனுமதி, வியாபாரம் முழுக்க அமெரிக்கக் கம்பனிக்கு. நம் கொத்தல ஹிம்புட்டு என்ற மூலிகைச் செடியின் மரக் கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நீரிழிவுக்குக் குடித்தார்கள் நம் ஆட்கள். அந்தச் செடியின் சாற்றுக்கு ஜப்பானில் காப்புரிமை எடுத்தார்கள்.

மொறட்டுவை_செழியன்:
அண்ணே, அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து நான் எடுப்பது வேறு முடிவு. நாம் ஆய்வு செய்யாமல் விட்டதால்தானே மற்றவன் எழுதிக்கொண்டான்? கண்ணாடி விரியன் கடிக்கு இன்றும் இந்தியாவிலிருந்து வரும் மாற்றுமருந்தைத்தான் போடுகிறோம், அது அங்கத்தைய பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்தது, நம் பாம்பின் விஷம் அப்படியே ஒன்றல்ல. இங்கே மட்டும் இருக்கும் கேள்விக்கு வேறு யார் விடை தேடுவார்கள்? காசு வந்த பிறகு படிக்கலாம் என்றால் அந்த நாள் வராது. றப்பர் அண்ணன் சொன்னதைக் கேட்ட பிறகு ரியூப்பை விட்டுவிடுகிறேன். வரி வெளியே வரும் பொருள் கையுறைதான், ஈரத்தில் நழுவாத சத்திரசிகிச்சைக் கையுறை என்றால் பார்க்கலாம். ஈரத்தில் பிடிப்பதற்காக மரத்தவளையின் பாத வடிவத்தை ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

பியகம_றப்பர்காரன்:
அது செய்யக்கூடிய வேலை. ஆனால் வரி பதிந்தால் அந்த இடத்தில் கையுறையின் றப்பர் மெலியும், ஓட்டை விழும் வாய்ப்பு கூடும். தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கும் சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும், பிடிப்புச் சோதனை பிறகு.

வத்தளை_தாதி:
கையுறை என்றால் சத்திரசிகிச்சைத் தியேட்டர் தாதிமாரிடம் கேளுங்கள், டொக்டர்மாரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். இரத்தம் பட்ட கையால் நூலைப் பிடிக்கும்போது எந்த விரல் நழுவுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பணிப்பாளரிடம் கடிதம் கொடுத்து அனுமதி எடுத்து வாருங்கள், யாரிடம் பேசலாம் என்று நான் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை_ரவி:
கையுறை என்றால் எதிர்க்க மாட்டேன். ஆனால் விலை எவ்வளவு கூடும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுது தம்பி, கடைசிப் பக்கத்தில் இல்லை.