நாயகன் படமும் நம்ம கரையும்

கச்சான்காத்து:
நேத்து ராத்திரி டிவியில ‘நாயகன்’ போட்டான். பத்தாவது படிக்கிற தம்பி மவன் கூட உக்காந்து பாத்துட்டு, “பெரியப்பா, நாலு பேருக்குச் சோறு போட்டா அப்புறம் என்ன தொழில் செஞ்சாலும் சனம் கும்பிடுமா?”ங்கிறான். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்ல இருந்துகிட்டு ஒரு பய இப்படிக் கேட்டா வயித்தக் கலக்குமா கலக்காதா? கமலுக்கு, பி.சி.ஸ்ரீராமுக்கு, தோட்டா தரணிக்குன்னு மூணு தேசிய விருது, ஆஸ்காருக்கும் அனுப்பினாங்க. எல்லாம் சரி. ஆனா படத்துக்கு மூலமா இருந்த நிஜ தாதா வரதராஜ முதலியாரு பம்பாயில பேரெடுத்ததே கள்ளச்சாராயத்துல. அதைக் குடிச்சவன் பொண்டாட்டி படத்துல எங்க இருக்கா?

பனைக்குளத்தான்:
அண்ணே, படத்தை முழுசாப் பாத்தீங்களா, இடையில தூங்கிட்டீங்களா? பொண்டாட்டியைக் கொன்னுர்றாங்க. மவன் சாகுறான். மவ அப்பனே வேணாம்னு போயிர்றா. கோர்ட்டு விட்டும், அவரு அடிச்சுக் கொன்ன இன்ஸ்பெக்டரோட மவன் கையால சாவு. இதுக்கு மேல என்ன தண்டனை வேணும்? நிஜத்துல பாருங்க, படம் வந்த 1987 தீபாவளிக்கு வரதராஜன் உயிரோடதான் இருந்தாரு. பம்பாய் போலீஸ் நெருக்கி, மெட்ராசுல வந்து ஒதுங்கி, 1988 ஜனவரியில உடம்பு முடியாமப் போய்ச் சேந்தாரு. ஊரு குடுக்காத தண்டனையை மணிரத்னம் குடுத்திருக்காரு.

இன்னொண்ணு. எங்க ஊர்ல பொறந்து, பம்பாய் துறைமுகத்துல மூட்டை தூக்கி ஹாஜி மஸ்தான் ஆனவரைப் பத்தி ஊர் உலகத்துக்கே தெரியும். 2010ல அவரு சாயல்ல இந்திப் படமும் வந்துச்சு. அதைப் பாத்துட்டு பனைக்குளத்துப் பயலுக கடத்தலுக்கா போனானுக? துபாய்க்கும் சவுதிக்கும்தான் போனானுக, சம்பளத்துக்கு.

நீவாடு:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். அந்த உப்பு மூட்டை சீன் ஞாபகம் இருக்கா? சரக்கை உப்பு மூட்டையோட கட்டிக் கடல்ல தள்ளிருவாங்க, உப்பு கரைஞ்சதும் சரக்கு மேல வரும். கேக்க நல்லாத்தான் இருக்கு. உப்பு கரையுறதுக்குள்ள நீவாடு, அதான் கடல் நீரோட்டம், சரக்கை எந்த ஊருக்கு இழுத்துட்டுப் போகும்னு யாராவது யோசிச்சாங்களா? நம்ம பக்கம் 2023 பிப்ரவரியில துரத்துனப்போ கடல்ல வீசுனது 17 கிலோவுக்கு மேல தங்கம். தங்கம் எங்கிட்டு மிதக்கும்? ஆளு முக்குளிச்சுத்தான் எடுத்தாங்க. சரி, நீங்க சண்டையப் போடுங்க.

கச்சான்காத்து:
நல்ல நேரத்துல வந்தீங்க தம்பி. பனைக்குளத்துக் காக்கா, மஸ்தானுக்குத் தங்கம் கொண்டுவந்து சேத்த வள்ளத்துல சுக்கான் பிடிச்சவன் பேரு ஒண்ணு சொல்லுங்க பாப்போம். தெரியாது. அந்த ஆளை வச்சு யாரும் படம் எடுக்க மாட்டான். எங்க தாய்மாமா அந்த மாதிரி ஆளுதான். 2001லயே கடல் அட்டை, அதான் கடலடியில ஊர்ற அந்த உசுரு, அதைப் பிடிக்கத் தடை பண்ணிட்டாங்க, தெரியும்ல. படகு முதலாளி சம்மாட்டிகிட்ட வாங்குன முன்பணம் கழுத்தைப் பிடிக்குதுன்னு, ஒரே ஒரு நடை அட்டை மூட்டை ஏத்திட்டுப் போனாரு. அன்னைக்கே பிடிபட்டாரு. சரக்கு யாருதுன்னு கடைசி வரைக்கும் ஒருத்தனும் கேக்கல. படகைப் பிடிச்சு வச்ச இடத்துக்கு மூணு வருசம் கழிச்சு நானும் அவரும் போனோம். பைபர் வெயில்ல வெடிச்சு, நடுவுல எருக்கஞ்செடி மொளைச்சு நிக்குது. படகு முன்பக்கம் அணியத்து நெழல்ல ஒரு வெள்ளாடு குட்டி போட்டுக் கெடக்கு. இன்ஜினக் காணோம். மாமா ஒண்ணும் பேசல. குட்டியத் தூக்கிப் பாத்துட்டுக் கீழ விட்டாரு.

கீழக்கரை லாத்தா:
ரெண்டு பேரும் ஆம்பளைங்க கணக்கையே பாக்குறீங்க. அந்தப் படத்துல எனக்கு மனசுல நிக்கிறது, நாயகன் கட்டிக்கிற நீலாதான். விக்கப்பட்ட எடத்துல உக்காந்துகிட்டு, காலையில கணக்குப் பரிட்சை, சீக்கிரம் விட்டுருங்கன்னு கேக்குற பிள்ளை. அடுத்தது மவ. ஊரே கும்பிடுற ஆளை முகத்துக்கு நேரா நிறுத்திக் கேள்வி கேக்குறது அவ ஒருத்திதான். அவளை எழுதுனவங்களுக்கு, தான் யாரைப் பத்தி எடுக்கிறோம்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு. ஆனா எங்க தெருவுல கேசட் போட்டுப் பாத்தப்ப ஒரு பயலும் அந்த சீன்ல மூச்சு விடல. அடிதடி வந்தாத்தான் விசிலு. இதுக்குப் படத்தைத் திட்டுறதா, விசிலடிச்சவனத் திட்டுறதா? எனக்கு ரெண்டு பேரு மேலயும் கோவம் உண்டு. விசிலுக்குன்னே வச்ச இடமும் அதுல இருக்குல்ல.

பனைக்குளத்தான்:
லாத்தா சொல்றது சரி, அந்த இடங்களை நானும் மறுக்கல. ஆனா அண்ணே, மாமா கதை இன்னொரு படம். அதை யாரும் எடுக்கலங்கிறதுக்கு இந்தப் படம் என்ன செய்யும்? சாராயம் குடிச்சவன் பொண்டாட்டி விசயத்துல மட்டும் உங்க பக்கம் வர்றேன். அது பெரிய ஓட்டைதான்.

தம்பி மவனை அந்தப் படகுகிட்ட ஒருநா கூட்டிட்டுப் போங்க.

கச்சான்காத்து:
படகு இப்ப இல்ல காக்கா. ஏலத்துல போயிருச்சு.

நீவாடு:
மாமா ‘நாயகன்’ பாத்திருக்காராண்ணே?

கச்சான்காத்து:
எத்தனையோ தடவை. உப்பு மூட்டை வந்தா, “கடலைப் பாக்காதவன் எழுதுனது”ன்னு உங்களை மாதிரியேதான் சொல்வாரு. மவ நின்னு கேள்வி கேக்குற சீன் வந்தா மட்டும் சேனலை மாத்திருவாரு.

கீழக்கரை லாத்தா:
உங்க அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

கச்சான்காத்து:
ரிமோட்டைப் பிடுங்கித் திரும்ப வச்சிருவாங்க லாத்தா.