ஓடாத பத்மினியை டிரெய்லரில் ஏற்ற வேண்டும், இரண்டு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. வண்டி பிரீமியர் பத்மினி, சுமார் 900 கிலோ. இன்ஜின் ஓடாது, பிரேக்கும் பிடிக்காது. டிரெய்லர் இரட்டை ஆக்ஸில், காலி எடை 600 கிலோ. தளத்தின் உயரம் 55 செ.மீ., ராம்ப் 1.8 மீட்டர். சரிவு 18 டிகிரி வருவதால், முன்சக்கரம் தளத்தில் ஏறியதும் சைலன்சர் குழாய் விளிம்பில் உரசும். 2.4 மீட்டர் ராம்ப் போட்டால் 13 டிகிரிதான்; அதையே வாங்குகிறோம்.

டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு மாட்டிய பிறகுதான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பின்பாரத்தில் முன்பக்கம் தூக்கிவிடும். வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) காரை இழுக்க இழுக்கப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வின்ச் கம்பிக்கு நேராக யாருமே நிற்கக் கூடாது. இதுவரை தெளிவு.

டிரெய்லரை மாட்டும் கொக்கியில், காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் விழ வேண்டும், அதாவது 150–225 கிலோ. குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும், அதுதான் பெரிய பயம். வீட்டுத் தராசு 130 கிலோவரைதான் காட்டும். பலகையை நெம்புகோலாக வைத்து, மூன்றில் ஒரு பங்கு பாரம் மட்டும் தராசில் விழும்படி அளந்தவர்கள் உண்டா? எவ்வளவு பிசகும்?

அடுத்தது கட்டுவது. பாடியில் கட்டினால் ஸ்பிரிங் அமுங்கும்போது பெல்ட் தளர்ந்துவிடும். பின் ஆக்ஸிலில் கட்டலாம், ஆனால் அதன்மேல் ஓடும் பிரேக் குழாய் நசுங்கக் கூடாது. முன்னால் ஆக்ஸில் இல்லையே. சஸ்பென்ஷனின் கீழ்க் கையில் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்த் தண்டு) கட்டுவதா, டயரைச் சுற்றும் ராட்செட் பெல்ட் (நெம்பி இறுக்கும் பட்டை) போதுமா? பத்மினியையே ஏற்றியவர்கள் படத்தோடு சொன்னால் பேருதவி.